டாக்எக்ஸ் டேபிளில் நெடுவரிசை அகலம் சொன்ன பேச்சு கேட்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

வேர்டின் டாக்எக்ஸ் ஃபைலைக் கோட் மூலம் உருவாக்கும்போது, டேபிளின் நடு நெடுவரிசைக்கு 10 சென்டிமீட்டர் என்று தெளிவாக எழுதியிருப்பீர்கள். ஃபைலைத் திறந்தால் மூன்று நெடுவரிசையும் பாகப்பிரிவினை நடந்த மாதிரி சம அகலத்தில் நிற்கும். பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, எல்லாம் சுமுகமாக ஓடி முடிந்திருக்கும். இந்தப் பிரச்சினையில் எரிச்சலே அதுதான், தப்பு எங்கே என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் அதிகம் பயன்படுத்துவது பைத்தான்-டாக்எக்ஸ் என்ற பைத்தான் லைப்ரரி, அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வரும். ஆனால் கோளாறு லைப்ரரியில் இல்லை, ஃபைலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆகவே ஜாவாவில் எழுதினாலும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும் இதே குழியில்தான் விழுவீர்கள். கோடிலும் ஃபைலிலும் வரும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், வாய்விட்டுப் படித்தால் எது என்று தெரிந்துவிடும்.

முதலில் ஃபைலுக்குள் ஒரு பார்வை

அறிகுறிக்குப் போவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் கல் எறிவதுபோல் ஆகிவிடும். டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் ஃபைல்தான். ஒரு நகல் எடுத்து, கடைசி நீட்டிப்பை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே வேர்ட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் டாக்குமென்ட்.எக்ஸ்எம்எல். முழுவதும் ஒரே வரியாக இருக்கும், ஏதாவது எடிட்டரில் போட்டு அழகாக உடைத்துக்கொள்ளுங்கள். அதில் டேபிள் தொடங்கும் இடத்தைத் தேடிப் பிடித்தால் அகலம் சம்பந்தமாக நான்கு விஷயங்கள் கண்ணில் படும்.

டிபிஎல்டபிள்யூ, இது மொத்த டேபிளின் அகலம். டிபிஎல்லேஅவுட், இது அகலம் ஃபிக்ஸ்டா (மாறாதது), ஆட்டோஃபிட்டா (உள்ளடக்கத்துக்கு ஏற்ப மாறுவது) என்று சொல்வது. இந்த வரியே இல்லாவிட்டால் ஆட்டோஃபிட் என்று பொருள். டிபிஎல்கிரிட், சுருக்கமாக கிரிட், இதற்குள் நெடுவரிசைக்கு ஒன்றாக கிரிட்கால் என்ற வரிகள், ஒவ்வொன்றிலும் ஓர் எண். கடைசியாக டிசிடபிள்யூ, ஒவ்வொரு வரிசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனியாக உட்கார்ந்திருப்பது. 40 வரிசை, 3 நெடுவரிசை என்றால் 120 டிசிடபிள்யூ.

ஒரே அகலத்தை இத்தனை இடத்தில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் ஓரிடத்தைப் படிப்பார், இன்னொருவர் வேறிடத்தைப் படிப்பார். வேர்ட் செல் அகலத்தைப் பார்க்கிறது. லிப்ரேஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் மென்பொருள் கிரிட்டைப் பார்க்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு நீங்களே மருந்து சொல்லிவிடலாம்.

அளவு அலகு பற்றியும் ஒரு வார்த்தை. ஃபைலில் டிஎக்ஸ்ஏ என்று வகை குறித்திருந்தால் அந்த எண் ஒரு புள்ளியின் இருபதில் ஒரு பங்கு. ஓர் அங்குலத்துக்கு 1440, ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 567. இந்த இரண்டு எண்ணும் பழகிவிட்டால் எக்ஸ்எம்எல்லைப் பார்த்த மாத்திரத்தில் அகலம் கண்ணுக்குத் தெரியும்.

அறிகுறி: அகலம் கொடுத்தேன், வேர்டில் ஒன்றுமே மாறவில்லை

அநேகமாக எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இது. டேபிளின் காலம்ஸ் என்ற பட்டியலில் ஒன்றை எடுத்து அதன் விட்த் பண்புக்கு அளவைக் கொடுத்திருப்பீர்கள். பெயரைப் பார்த்தால் அதுதான் சரியான வழி என்று தோன்றும், தப்பில்லை. ஆனால் அந்த வரி எழுதுவது கிரிட்காலில் மட்டும்தான். டேபிளை ஆட்-டேபிள் என்ற மெத்தட் மூலம் உருவாக்கியபோதே பைத்தான்-டாக்எக்ஸ் ஒவ்வொரு செல்லுக்கும் சம அகலத்தை டிசிடபிள்யூவாக எழுதி வைத்துவிட்டது. அது அப்படியே இருக்கிறது, வேர்ட் அதைத்தான் படிக்கிறது.

தீர்வு, அந்த நெடுவரிசையின் எல்லா செல்லுக்கும் விட்த் கொடுக்க வேண்டும். ஒரு செல்லுக்கு அல்ல, எல்லா வரிசையிலும். வரிசைகளுக்கு ஒரு சுற்று (லூப்), அதற்குள் செல்களுக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். இதில் டேபிளின் செல் என்ற மெத்தடை வரிசை எண், நெடுவரிசை எண் கொடுத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிடாதீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் அது மொத்த டேபிளின் செல் பட்டியலையும் புதிதாகக் கட்டுகிறது, சில ஆயிரம் வரிசை வந்தால் காபி குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. வரிசையை ஒருமுறை எடுத்து அதன் செல்ஸ் பட்டியலில் நடப்பது மேல்.

அறிகுறி: வேர்டில் அழகாக இருக்கிறது, பிடிஎஃப் ஆக்கினால் எல்லாம் சம அகலம்

மேலே சொன்னதன் மறுபக்கம். இணையத்தில் எங்கோ "செல்லுக்குக் கொடுங்கள்" என்று படித்துவிட்டு செல்களுக்கு மட்டும் கொடுத்து, காலம்ஸ் பக்கம் போகாமல் விட்டிருப்பீர்கள். சர்வரில் பிடிஎஃப் ஆக்குவது பெரும்பாலும் திரையில்லாமல் ஓடும் லிப்ரேஆபிஸ்தான், அது கிரிட்டைப் பார்க்கிறது, கிரிட்டில் பழைய எண்.

நானும் இப்படி ஒருமுறை நன்றாக வாங்கிக்கட்டிக் கொண்டேன். என் கணினியில் வேர்டில் திறந்து பார்த்து, சரி என்று அனுப்பிய அறிக்கை, பிடிஎஃப்பாக மாறி அந்தப் பக்கம் போனபோது வரிசை எண் போடும் குறுகிய நெடுவரிசை பெரிய வயலாகவும், விவரம் எழுதும் நெடுவரிசை நசுங்கிப்போயும் இருந்தது. இரண்டு நாள் எழுத்துருவைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் ஜிப்பைப் பிரித்துப் பார்த்தேன்.

கிட்டத்தில் பார்த்தால் அது இப்படி இருந்தது. பைத்தான்-டாக்எக்ஸின் இயல்பான டெம்ப்ளேட் லெட்டர் தாள், டிஎக்ஸ்ஏ கணக்கில் அகலம் 12240. இடதும் வலதும் 1800 மார்ஜின். மீதி 8640. மூன்று நெடுவரிசை கேட்டதால் கிரிட்டில் 2880, 2880, 2880. செல்களில் நான் எழுதியது 567, 5670, 2403, அதாவது 1 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர், மிச்சம். கூட்டினால் அதுவும் 8640. இரண்டுமே கணக்குப்படி சரி, இரண்டுமே ஒரே ஃபைலில், ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல். வேர்ட் இரண்டாவதை வரைந்தது, லிப்ரேஆபிஸ் முதலாவதை வரைந்தது. யாரைக் குறை சொல்வது!

ஆகவே கிரிட்டிலும் எழுதுங்கள், செல்லிலும் எழுதுங்கள். அகலங்களை ஒரே பட்டியலில் வைத்துக்கொண்டு, அதிலிருந்தே இரண்டு இடத்துக்கும் எடுத்துப் போடும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்தால் வாழ்நாள் நிம்மதி.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் கோளாறு உள்ள ஃபைலை வேர்டில் திறந்து ஒரு எழுத்தைத் தட்டி அழித்து சேமித்தால் பிடிஎஃப்பும் சரியாகிவிடும், ஏனென்றால் சேமிக்கும்போது வேர்ட் கிரிட்டைத் தன் கணக்குப்படி திருத்தி எழுதிவிடுகிறது. அதனால்தான் "எனக்குச் சரியாக வருகிறதே, உனக்கு மட்டும் எப்படி" என்ற சண்டை வருகிறது. சோதிக்கும்போது கோட் உருவாக்கிய ஃபைலை அப்படியே மாற்றிப் பாருங்கள், வேர்ட் கைபட்ட ஃபைலை நம்பாதீர்கள்.

அறிகுறி: தலைப்பு வரிசை சரி, கீழே வரும் வரிசைகள் வேறு அகலத்தில்

கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் படிக்கட்டு மாதிரி தெரியும், லேஅவுட் ஃபிக்ஸ்டாக இருந்தால் இன்னும் அப்பட்டமாக. காரணம், எதை முன்னால் செய்தீர்கள், எதைப் பின்னால் செய்தீர்கள் என்பது. ஒரு வரிசையோடு டேபிள் உருவாக்கி, அந்தத் தலைப்பு செல்களுக்கு அகலம் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொரு தரவு வரிக்கும், வரிசை சேர்க்கும் ஆட்-ரோ மெத்தடைக் கூப்பிட்டிருப்பீர்கள். ஆட்-ரோ புது செல்களுக்கு அகலத்தை எங்கிருந்து எடுக்கிறது தெரியுமா? மேல் வரிசையிலிருந்து அல்ல, கிரிட்டிலிருந்து. கிரிட்டில் இன்னும் 2880 இருக்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பிக்கொள்ளலாம், எனக்கு இந்த வழிதான் இப்போது வழக்கம். ஆட்-டேபிளில் வரிசை எண்ணிக்கையைச் சுழியம் என்று கொடுங்கள், நெடுவரிசை மூன்று. உடனே, வரிசை ஒன்றுகூட இல்லாத நிலையிலேயே, காலம்ஸ் மூலம் மூன்று அகலத்தையும் எழுதிவிடுங்கள். ஆட்டோஃபிட்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். அதற்குப் பிறகு தலைப்பு உட்பட எல்லா வரிசையையும் ஆட்-ரோ மூலமே சேருங்கள். ஒவ்வொரு புது செல்லும் கிரிட்டின் எண்ணையே தன் டிசிடபிள்யூவாக எடுத்துக்கொண்டு பிறக்கும். செல் செல்லாகப் போய் அகலம் எழுதும் சுற்றே தேவையில்லை, கிரிட்டும் செல்லும் தாமாகவே ஒத்துப்போகும், வேகமும் கூடுதல். ஏற்கெனவே இருக்கும் டெம்ப்ளேட்டில் உள்ள டேபிளை நிரப்பும்போது இது முடியாது, அங்கே பழைய சுற்றுதான் வழி.

அறிகுறி: இரண்டு இடத்திலும் கொடுத்தாயிற்று, ஆனாலும் ஒரு நெடுவரிசை வீங்குகிறது

அந்த நெடுவரிசையில் நீளமான இணைய முகவரியோ, இடைவெளியே இல்லாத ஃபைல் பாதையோ இருக்கிறதா பாருங்கள். லேஅவுட் ஆட்டோஃபிட்டில் இருந்தால் நீங்கள் கொடுத்த அகலம் வெறும் விருப்பம்தான், உத்தரவு அல்ல. உடைக்க முடியாத சொல் வந்தால் அதற்கு இடம் கொடுக்க நெடுவரிசையை விரித்து பக்கத்தில் இருப்பவர்களை நெருக்கித் தள்ளிவிடும். நம் மொழியில் ஒட்டு மேல் ஒட்டாக வரும் சொற்களும் இதைச் செய்யும், "ஒருங்கிணைக்கப்பட்டிருப்பவர்களுக்கானது" என்று ஒரு தலைப்பைக் குறுகிய நெடுவரிசையில் போட்டுப் பார்த்தால் புரியும்.

பைத்தான்-டாக்எக்ஸில் ஆட்டோஃபிட்டை ஃபால்ஸ் ஆக்கினால் லேஅவுட் ஃபிக்ஸ்ட் ஆகிவிடும். வேர்டில் சரிபார்க்க டேபிள் ப்ராபர்ட்டீஸ் போய் ஆப்ஷன்ஸ் திறந்தால், உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தானாக அளவு மாறும் என்ற பெட்டியில் டிக் இருக்கக் கூடாது.

ஃபிக்ஸ்ட் ஆக்கியதும் வேறு ஒன்று நடக்கும், முகவரி நடுவெழுத்தில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். பார்க்க நன்றாக இருக்காது. சாய்கோட்டுக்குப் பின் அகலமற்ற இடைவெளி என்ற யூனிகோட் எழுத்தை, அதாவது யூ+200பி-யை, நுழைத்தால் அழகாக அங்கே உடையும். ஆனால் யாராவது அந்த முகவரியை நகலெடுத்து உலாவியில் ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்தும் கூடவே போய் பக்கம் கிடைக்காது. ஆகவே அச்சடிக்கும் ஆவணத்துக்கு மட்டும் இந்தத் தந்திரம்.

எல்லா டேபிளையும் கண்ணை மூடிக்கொண்டு ஃபிக்ஸ்ட் ஆக்கச் சொல்வீர்களா என்றால், கோட் உருவாக்கும் ஆவணத்துக்கு ஆமாம் என்பேன். ஆட்டோஃபிட் கணக்கு ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு மாதிரி, எழுத்துரு இல்லாமல் மாற்று எழுத்துரு வந்தால் அதிலும் மாறும். உட்கார்ந்து கையால் சரிசெய்ய ஆள் இருக்கும் ஆவணத்துக்கு ஆட்டோஃபிட் வசதி, ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் உருவாக்கி அனுப்பும் ஆவணத்துக்கு அது சூதாட்டம்.

அறிகுறி: எழுத்துகள் ஒன்றின் கீழ் ஒன்றாக, நூல் மாதிரி ஒரு நெடுவரிசை

அலகுக் குழப்பம். வேறு எதுவும் யோசிக்க வேண்டாம்.

பைத்தான்-டாக்எக்ஸில் அகலத்துக்கு வெறும் எண்ணைக் கொடுத்தால் அதை இஎம்யூ என்ற மிகச் சிறிய அலகில் எடுத்துக்கொள்ளும். ஓர் அங்குலத்துக்கு 914400 இஎம்யூ, ஒரு சென்டிமீட்டருக்கு 360000. நீங்கள் எக்ஸ்எம்எல்லில் பார்த்த பழக்கத்தில் 2000 என்று கொடுத்தால், 635 இஎம்யூவுக்கு ஒரு டிஎக்ஸ்ஏ என்ற கணக்கில் ஃபைலில் விழுவது 3. புள்ளியின் இருபதில் மூன்று பங்கு, ஒரு மயிரிழை. அப்புறம் எழுத்து நிற்க இடம் எங்கே? சிஎம், இன்ச்சஸ், பிடி என்று லைப்ரரியே தரும் அலகுகளில் ஒன்றால் சுற்றிக் கொடுங்கள்.

நேரடியாக எக்ஸ்எம்எல் எழுதுபவர்களுக்குச் சதவீதத்தில் ஒரு பொறி இருக்கிறது. வகை பிசிடி என்று போட்டால் எண் சதவீதம் அல்ல, சதவீதத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. முழு அகலம் வேண்டுமானால் 5000. நூறு சதவீதம் என்று நினைத்து 100 எழுதினால் கிடைப்பது 2 சதவீதம். அதே 100-ஐ டிஎக்ஸ்ஏ வகையில் எழுதினால் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. எனக்குச் சதவீதமே பிடிக்காது, சில ஆன்லைன் எடிட்டர்களில் அது தாறுமாறாகத் தெரிகிறது. பக்க அகலம் தெரியும்போது டிஎக்ஸ்ஏவில் கணக்குப் போட ஒரு நிமிடம் ஆகுமா?

அறிகுறி: மெர்ஜ் செய்த தலைப்பு மட்டும் குறுகிப்போய் நிற்கிறது

இதைக் கண்டுபிடிக்க எனக்கு நிறைய நேரம் பிடித்தது, ஏனென்றால் கோடைப் பார்த்தால் தப்பே தெரியாது. ஒவ்வொரு வரிசையிலும் செல்ஸ் பட்டியலையும் அகலப் பட்டியலையும் ஜோடி சேர்த்து, செல்லுக்கு அகலம் கொடுக்கும் அதே பழைய சுற்று. சாதாரண வரிசைகளில் கச்சிதம்.

ஆனால் முதல் வரிசையில் மூன்று செல்லையும் மெர்ஜ் செய்து ஒரே தலைப்பாக்கியிருக்கிறீர்கள். அந்த வரிசையின் செல்ஸ் பட்டியலில் பைத்தான்-டாக்எக்ஸ் மூன்று உருப்படி தரும், மூன்றும் ஒரே செல். சுற்று அதற்கு முதலில் 567 எழுதும், அதன் மேலேயே 5670 எழுதும், கடைசியாக 2403 எழுதும். மூன்று நெடுவரிசையை நிரப்ப வேண்டிய, 8640 இருக்க வேண்டிய செல், மூன்றாம் நெடுவரிசையின் அகலத்தோடு உட்கார்ந்துவிடும்.

மேலிருந்து கீழாக மெர்ஜ் செய்திருந்தால் இன்னும் கள்ளத்தனம். கீழ் வரிசையில் அந்த இடத்தைக் கேட்டால் மேலே உள்ள செல்லே திரும்ப வரும். நீங்கள் அகலம் எழுதுவது மேல் செல்லுக்கு, கீழே மறைந்திருக்கும் தொடர்ச்சி செல்லின் டிசிடபிள்யூ பழைய எண்ணோடு அப்படியே கிடக்கும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து: அகலம் முதலில், மெர்ஜ் பிறகு. பக்கவாட்டில் மெர்ஜ் செய்யும்போது அந்த லைப்ரரியே அகலங்களைக் கூட்டி எழுதிக்கொள்ளும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். மெர்ஜ் முடிந்த பிறகு அந்த வரிசைகளின் அகலத்தைத் தொடவே தொடாதீர்கள். டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே மெர்ஜ் செய்து வந்திருந்தால், செல்ஸ் பட்டியலை விட்டுவிட்டு வரிசைக்குள் இருக்கும் டிசி உறுப்புகளிலேயே (ஒவ்வொன்றும் ஒரு செல்) நேரடியாக நடந்து, ஒவ்வொன்றின் கிரிட்ஸ்பேன், அதாவது அது மூடும் நெடுவரிசைகள், எத்தனை என்று பார்த்து, அத்தனை அகலங்களைக் கூட்டி எழுத வேண்டும்.

அறிகுறி: டேபிள் பக்கத்தை நிரப்பவில்லை, அல்லது பக்கத்தை விட்டு வெளியே போகிறது

ஆட்-டேபிள் தன் மொத்த அகலத்தை அந்த நொடியில் கடைசி செக்ஷனின் பக்க அளவிலிருந்து கணக்கிடுகிறது. அப்புறம் நீங்கள் தாளை ஏ4 ஆக்கினாலும் மார்ஜினைக் குறைத்தாலும் டேபிளுக்குத் தெரியாது. லெட்டர் தாளின் கணக்கில் பிறந்த 15.24 சென்டிமீட்டர் டேபிள், 2.5 சென்டிமீட்டர் மார்ஜின் உள்ள ஏ4-இல் வலப்பக்கம் முக்கால் சென்டிமீட்டர் இடம் விட்டு நிற்கும். குறுக்குத் தாள் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. ஆகவே பக்க அமைப்பை முதல் வேலையாக முடித்துவிடுங்கள். குறுக்காக்கும்போது ஓரியன்டேஷன் மட்டும் மாற்றினால் போதாது, பக்கத்தின் அகலத்தையும் உயரத்தையும் நீங்களே இடம் மாற்றிக் கொடுக்க வேண்டும், லைப்ரரி அதைச் செய்யாது.

ஏ4-இன் அகலம் 11906. இருபுறமும் ஓர் அங்குல மார்ஜின் போனால் 9026. இதை ஏழு நெடுவரிசையாகப் பிரித்தால் 1289 போட்டு மீதி மூன்று வரும். ஆறுக்கு 1289, கடைசிக்கு 1292 என்று மிச்சத்தைக் கடைசியின் தலையில் கட்டிவிடுங்கள். கிரிட்டின் கூட்டல் டிபிஎல்டபிள்யூவோடு ஒத்துப்போனால் எங்கும் வம்பு வராது.

டேபிள் இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்தால் அது வேறு கதை. செல்லுக்குள் இடமும் வலமும் 108 டிஎக்ஸ்ஏ, அதாவது 0.19 சென்டிமீட்டர், இயல்பான உள்விளிம்பு. பழைய கம்பாட்டிபிலிட்டி மோடில், அதாவது பழைய வேர்டைப் போல நடந்துகொள்ளும் நிலையில், வேர்ட் செல்லின் எழுத்தை மார்ஜினோடு நேராக்கி, டேபிளின் ஓரக்கோட்டை வெளியே தள்ளும். வேர்ட் 2013 முதல் வந்த மோடில் ஓரக்கோடே மார்ஜினில் நிற்கும். பைத்தான்-டாக்எக்ஸின் இயல்பு டெம்ப்ளேட் பழைய மோடில்தான் திறக்கும். நீங்களே வேர்டில் ஒரு புது வெற்று ஆவணம் சேமித்து அதை டெம்ப்ளேட்டாகக் கொடுத்தால் தீர்ந்தது.

அந்த உள்விளிம்பு குறுகிய நெடுவரிசையில் இன்னொரு வேலையும் காட்டும். 567 அகலத்தில் இரண்டு பக்கமும் 108 போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 351, சுமார் 0.62 சென்டிமீட்டர். கலிப்ரி 11 புள்ளியில் மூன்று இலக்க எண்வரை ஒரே வரியில் தாங்கும். 999 வரிசைவரை சோதித்து மகிழ்ந்துவிட்டு, 1000 வந்ததும் கடைசிச் சுழியம் கீழே விழுவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

அறிகுறி: எக்ஸ்எம்எல்லை நானே செருகினேன், ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது அல்லது கண்டுகொள்வதே இல்லை

கெட்டுவிட்டது என்றால் உறுப்புகளின் வரிசையைப் பாருங்கள். டேபிளுக்குள் முதலில் டிபிஎல்பிஆர் (டேபிளின் பண்புகள்), அடுத்து டிபிஎல்கிரிட், அதன் பிறகே வரிசைகள். டிபிஎல்பிஆருக்குள்ளும் ஒழுங்கு உண்டு, ஸ்டைல், பின்னர் டிபிஎல்டபிள்யூ, பின்னர் லேஅவுட், கடைசியில் டிபிஎல்லுக். அப்பெண்ட் செய்து கடைசியில் ஒட்டவைப்பதுதான் பெரும்பாலும் குற்றவாளி.

கண்டுகொள்ளவில்லை என்றால் அநேகமாக இரட்டை. பைத்தான்-டாக்எக்ஸ் உருவாக்கும் டேபிளில் ஆட்டோ வகை டிபிஎல்டபிள்யூ ஏற்கெனவே இருக்கிறது. அது தெரியாமல் நீங்கள் இரண்டாவதைச் சேர்த்திருப்பீர்கள். புதிதாகச் சேர்க்காமல், இருப்பதைத் தேடி எடுத்து எண்ணையும் வகையையும் மாற்றுங்கள்.

வேறு லைப்ரரி பயன்படுத்துபவர்களுக்கு

ஜாவாவுக்கான அப்பாச்சி பிஓஐயில் டேபிள் உருவாக்கினால் கிரிட்டைத் தானாக எழுதிக் கொடுக்காது, டேபிளின் எக்ஸ்எம்எல்லைக் குறிக்கும் சிடிடிபிஎல் வரை இறங்கி நீங்களே சேர்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் டாக்எக்ஸ் லைப்ரரியில் டேபிளுக்கு காலம்விட்த்ஸ் என்ற பட்டியல் கொடுக்காவிட்டால் கிரிட்டில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 100 என்று ஒரு பொம்மை எண் விழும், செல்களுக்கு நீங்கள் என்ன கொடுத்திருந்தாலும் சரி. இரண்டும் மேலே சொன்ன பிடிஎஃப் அறிகுறியாகவே வெளிப்படும்.

ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேண்டாக் தனி ரகம். மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்தில் குழாய்க் குறி டேபிள் எழுதினால், மூலத்தில் எந்த வரியும் 72 எழுத்தைத் தாண்டாதவரை அகலம் உள்ளடக்கத்தைப் பொறுத்தது. ஒரு வரி தாண்டினாலும் போதும், டேபிள் பக்க அகலம் முழுவதும் விரிந்து, தலைப்பின் கீழ் உள்ள சிறுகோடுகளின் எண்ணிக்கை விகிதத்தில் நெடுவரிசைகள் பிரியும். நேற்றுவரை ஒழுங்காக வந்தது இன்று ஒரு சொல்லைச் சேர்த்ததும் உருமாறிவிட்டது என்றால் இதுதான். சிறுகோடுகளை வேண்டிய விகிதத்தில் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: டேபிளுக்குள் டேபிள், உள்ளே இருப்பது குட்டியாக

செல்லின் ஆட்-டேபிள் அந்த செல்லின் விட்த்தைப் பார்க்கும், அது எழுதப்படாமல் இருந்தால் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளும். வெளி செல்லுக்கு அகலம் கொடுத்துவிட்டு உள் டேபிளை உருவாக்குங்கள்.

இவற்றில் எதுவுமே பொருந்தவில்லை என்றால்

அதே டேபிளை இரண்டே வரிசையோடு, ஆவணத்தில் வேறு எதுவும் இல்லாமல், கோடில் உருவாக்குங்கள். ஒரு நகலை வேர்டில் திறந்து, எலியால் நெடுவரிசைக் கோட்டை இழுத்து, உங்களுக்கு வேண்டிய அகலத்துக்குக் கொண்டுவந்து சேமியுங்கள். இரண்டு ஜிப்பையும் பிரித்து, டேபிள் தொடங்கும் இடம் முதல் இரண்டாவது வரிசை முடியும்வரை மட்டும் வெட்டி எடுத்து, ஒழுங்காக வரி பிரித்து, டிஃப் போடுங்கள், அதாவது வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வேர்ட் கூடவே ஆர்எஸ்ஐடி என்று தொடங்கும் பல பண்புகளைத் தெளித்துவைக்கும், அவற்றை முதலில் நீக்கிவிட்டால் மிஞ்சுவது ஏழெட்டு வரிதான். அதில் உங்கள் ஃபைலில் இல்லாத வரி எது, இருந்தும் எண் வேறாக இருக்கும் வரி எது என்று பாருங்கள். அந்த வரியை உங்கள் கோடே எழுதும்படி செய்து, ஃபைலைப் புதிதாக உருவாக்கி, வேர்டில் திறக்காமல் நேராகப் பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள்.